தானாக நகர்ந்த அம்புக்குறி

எனக்குக் கம்ப்யூட்டர் மேல் பயம் வந்தது, அதைக் கற்றுக்கொண்டு எட்டு வருடம் கழித்துத்தான். மற்றவர்கள் முதலில் பயந்து, பிறகு பழகுவார்கள். எனக்கு நேர்மாறாக நடந்தது.

தொண்ணூற்றாறில் தேனியில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பழனிசெட்டிபட்டியிலிருந்து சைக்கிளில் போய் வந்தேன். எங்கள் வீட்டில் திராட்சை விவசாயம். "அங்கன போயி என்னத்தப் படிக்கிற?" என்று அம்மா கேட்கும்போது எனக்குச் சொல்லத் தெரியாது. நான் சொன்னதை ஒரு பெட்டி அப்படியே செய்கிறது என்ற சந்தோஷத்தை எப்படி விளக்குவது?

படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு மென்பொருள் எழுதுவது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது அந்த லேப். முதலாளி ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் டெக்னீஷியனாக ஓர் அக்கா இருந்தார். குச்சனூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சனிக்கிழமை என்றால் கோயில் கூட்டத்தில் பஸ் நகராது. அன்று மட்டும் தாமதமாக வந்து, வந்த வேகத்தில் கையுறையை மாட்டிக்கொண்டு உட்காருவார். ரத்தம் எடுப்பது, சோதிப்பது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் அவர்தான்.

நான் முதலில் எழுதிக் கொடுத்தது கறுப்புத் திரையில் ஓடுகிற மென்பொருள். ஒரு நேரத்தில் ஒரு நோயாளிதான் திரையில் இருப்பார். அவரை முடித்து அனுப்பாமல் அடுத்தவரிடம் போக முடியாது. மவுஸ் கிடையாது. அக்கா திரையைப் பார்க்காமலே நோட்டைப் பார்த்து அடிப்பார். அவர் விரல்கள் போகிற வேகத்தை நானே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு எல்லோரும் விண்டோ விண்டோவாகத் திறக்கிற மென்பொருள் கேட்டார்கள். சாருக்கும் அதே ஆசை. பக்கத்துத் தெரு லேபில் வண்ணத் திரை வந்துவிட்டதாம். எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் ஓடியது. யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியிலிருந்து வைரஸ் ஏறி ஒரு வாரத்து ரிப்போர்ட்டுகள் மொத்தமும் அழிந்துபோயின. துடைத்து, திரும்பப் போட்டு, மறுபடி வைரஸ். மூன்றாவது முறை சார் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதுக்கு ஒரு முடிவே இல்லையா?" என்றார்.

"லினக்ஸ் போட்டுரலாம் சார்" என்றேன்.

அந்த வயதில் எனக்கு அபிப்பிராயங்கள் அதிகம். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸை என் வீட்டு மெஷினில் போட்டிருந்தேன். அது வந்த நாளிலிருந்து எனக்குப் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். ஒரே சிஸ்டத்துக்கு நாலைந்து விதமான டெஸ்க்டாப், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். மெனு மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா, விண்டோவின் ஓரம் எந்த நிறம், எல்லாமே நம் இஷ்டம். அடுத்தவன் முடிவு செய்துகொடுத்ததை ஏன் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பேன். தமிழ் எழுத்து மட்டும் திரையில் உடைந்து வரும். கொம்பு ஒரு பக்கம் நிற்கும், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அதையும் சீக்கிரம் சரிசெய்துவிடுவார்கள் என்று சாருக்கு நானே உறுதி கொடுத்தேன், ஏதோ என் சொந்தக்காரர்கள்தான் அதைச் செய்கிறார்கள் என்பதுபோல.

லேபில் லினக்ஸ் போட்டோம். வைரஸ் நின்றது. நான் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிட்டது. அதுதான் வினை.

ஒரு வருடம் கழித்து, டெஸ்க்டாப்பின் புதிய பதிப்பு ஒன்று வந்தது. அழகாக இருந்தது. லேபுக்குப் போய் அதைப் போட்டேன். போட்டது மட்டுமில்லை, என் வீட்டு மெஷினில் நான் வைத்திருந்த செட்டிங்குகளையெல்லாம் அப்படியே அந்த மெஷினுக்கும் நகல் எடுத்து வைத்தேன். அதில் ஒன்று, மவுஸின் அம்புக்குறி எந்த விண்டோ மேல் இருக்கிறதோ, அடிக்கிற எழுத்து அந்த விண்டோவில் போய் விழும் என்பது. சாதாரணமாக ஒரு விண்டோவைக் கிளிக் செய்தால்தான் அதில் எழுத முடியும். இந்தச் செட்டிங்கில் கிளிக் வேண்டாம். அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். கிளிக் செய்கிற ஒவ்வொரு தடவையும் நேரம் வீண் என்று நினைக்கிற ஆள் நான்.

கிளம்பும்போது சாரிடம் இன்னொன்றும் சொன்னேன். "இனிமே அக்காவுக்கு அந்தக் கை நோட்டு எதுக்கு சார்? நேரா இதுலயே அடிச்சிரலாமே."

"நோட்டு இருக்கட்டும்" என்றார் சார்.

நாலு நாள் கழித்து அக்கா போன் செய்தார். "ஆத்தா, சில நேரம் அடிச்சது விழுக மாட்டேங்குது. பேப்பர் எடுத்தா அந்த இடம் வெறுமையா வருது. திருப்பி அடிச்சா விழுகுது."

"அவசரமா அடிச்சிருப்பீக அக்கா. புது சிஸ்டம்ல, ரெண்டு நாள்ல பழகிரும்."

"அப்படியா? சரி ஆத்தா."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

பதினோராவது நாள் காலை, பிரிண்டரில் எழுத்து கோணலாக வருகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். சனிக்கிழமை. அக்கா அப்போதுதான் வந்து வேர்வையோடு உட்கார்ந்திருந்தார். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு பிரிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டேன். திரையில் இரண்டு நோயாளிகளின் விண்டோக்கள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. ஒருவரை முடித்தும் அக்கா மூடியிருக்கவில்லை. ஒருவருடைய இன்னொரு சோதனைக்குக் காத்திருக்கும்போது அடுத்தவரைத் திறந்துகொள்வது அவர் வழக்கம். அப்படித் திறக்கிற வசதியைச் செய்து கொடுத்ததும் நான்தான்.

அக்கா எழுந்து, ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றுகிற மெஷினை ஓடவிட்டார். அதே மேசையின் மறுகோடியில்தான் அது இருந்தது. சுற்ற ஆரம்பித்ததும் மேசை லேசாக நடுங்கியது. அக்கா திரும்பி உட்கார்ந்து, கண்ணை நோட்டில் வைத்து, இரண்டு கையாலும் கீபோர்டில் அடிக்க ஆரம்பித்தார். மவுஸை யாரும் தொடவில்லை.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

மெதுவாகத்தான் நகர்ந்தது. மேசையின் நடுக்கத்தில், தொங்குகிற வயரின் கனம் மவுஸை இழுத்துக்கொண்டு போனது. அம்பு ஒரு விண்டோவின் ஓரத்தைத் தாண்டி அடுத்த விண்டோவுக்குள் போய் நின்றது. அக்கா நோட்டைப் பார்த்து ஓர் எண்ணை அடித்தார். ரத்த வகைக்கு நான் வைத்திருந்த சுருக்குவழி அது. ஒன்று முதல் எட்டுவரை ஓர் எண்ணை அடித்தால் ஒரு வகை தேர்வாகிவிடும். அவர் அடித்தது ஒன்று. அது இவருக்கு விழவில்லை. ஏற்கெனவே முடித்துவைத்த பக்கத்து நோயாளியின் ரத்த வகை என் கண் முன்னாலேயே மாறியது.

என் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. குனிந்து தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். நிமிர்ந்தபோது அக்கா, "பாரு, இப்பயும் விழுகல" என்று சொல்லிக்கொண்டே மவுஸை நகர்த்தி மறுபடி அடித்தார். இந்த முறை சரியான இடத்தில் விழுந்தது. அவர் நிம்மதியாக அடுத்ததற்குப் போனார். பக்கத்து விண்டோவில் தப்பு அப்படியே இருந்தது.

விழாத எழுத்துகள் எல்லாம் எங்கே போய் விழுந்தன என்று அப்போது எனக்குப் புரிந்தது. பதினோரு நாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர்.

"டீ குடிச்சிட்டு வாரேன் அக்கா" என்று வெளியே வந்தேன். டீ குடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பழனிசெட்டிபட்டி வழியாகப் போகிற பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. என் கால் அதன் படிக்கட்டுப் பக்கமாகவே போனது. உள்ளே மனம் என்னென்னவோ சொன்னது. செட்டிங்கை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று எழுதிவைக்கிற பழக்கம் என் மென்பொருளுக்குக் கிடையாது. எந்தத் தடயமும் இல்லை. தப்பு வெளியே வந்தாலும் அடித்த கை அக்காவுடையது. அக்கா தவறாக அடித்தார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அந்தக் கடைசி நினைப்புதான் என்னைப் பயமுறுத்தியது. நான் இப்படியும் நினைக்கக்கூடியவள் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பஸ் போய்விட்டது. நான் லேபுக்குத் திரும்பினேன்.

"அக்கா, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"என்னா?"

சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. மெஷினை ஓடவிட்டு, மவுஸைத் தொடாமல், அம்பு நகர்வதைக் காட்டினேன். அக்கா கையுறைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆத்தா... அப்ப நான் தப்புத் தப்பா அடிச்சு அனுப்பியிருக்கேனா?"

"நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீக. நான்தான் தப்பா வச்சுட்டேன்."

சார் பின்னறையிலிருந்து வந்தார். அவரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வெளியே பெஞ்சில் இருந்தவர்களிடம் போய், "மெஷின்ல கோளாறு. மத்தியானத்துக்கு மேல வாங்க" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "நோட்ட எடு" என்றார் அக்காவிடம்.

பதினோரு நாள் நோட்டையும் கம்ப்யூட்டரையும் வைத்து மூன்று பேரும் ஒப்பிட்டோம். அக்கா நோட்டிலிருந்து வாசித்தார். நான் திரையில் பார்த்து "சரி" என்றேன். நோட்டு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அதை வேண்டாம் என்று சொன்னவள் நான்.

இரண்டு மணி நேரத்தில் மூன்று தப்புகள் கிடைத்தன. ஒருவருக்குச் சர்க்கரை அளவு கூடுதலாக இருந்தது. அவர் உள்ளூர்க்காரர், சார் உடனே போன் செய்து பிடித்துவிட்டார். அவருடைய டாக்டர் சந்தேகப்பட்டு ஏற்கெனவே வேறு இடத்தில் சோதித்து, மருந்தை மாற்றாமல் விட்டிருந்தார். இன்னொன்று அன்று காலை என் கண் முன்னால் மாறியது; அந்தப் பேப்பர் வெளியே போகவில்லை. மூன்றாவதைப் பார்த்ததும் சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கூடலூரைச் சேர்ந்த பெண். நிறைமாதம். நோட்டில் ஓ நெகட்டிவ். பேப்பரில் ஓ பாசிட்டிவ் என்று போயிருக்கிறது.

"ரத்தம் ஏத்துனா தப்பா ஏத்திருவாகளா சார்?" என்று கேட்டேன்.

"ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாப்பாக. அது இல்லம்மா பயம்." சார் எனக்கு விளக்கினார். தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கொஞ்சம் கலந்துவிடும். தாயின் உடம்பு அதை எதிரியாக நினைத்து ஆயுதம் செய்துவைத்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்தது உண்டாகும்போது அதைத் தாக்கும். வயிற்றிலேயே இறந்தாலும் இறந்துவிடும். பிரசவமாகி மூன்று நாளுக்குள் ஓர் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். "ஆனா பேப்பர்ல பாசிட்டிவ்னு இருந்தா, அந்த ஊசியப் பத்தி யாரும் நினைக்கவே மாட்டாக."

அந்தப் பெண் கொடுத்திருந்த போன் நம்பர் பக்கத்துக் கடையினுடையது. அடித்துப் பார்த்தோம். லைன் செத்திருந்தது.

"கெளம்பு" என்றார் சார்.

கூடலூர் பஸ்ஸில் சார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் வாழையும் நெல்லும் ஓடின. பஸ் நின்ற இடத்திலெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். உத்தமபாளையத்தில் ஒரு கர்ப்பிணி ஏறினார். நான் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பத்தில் பஸ் காலியானதும் சார் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அந்த செட்டிங்க எதுக்கு வச்ச?"

யோசித்தேன். வேகம், வசதி, சுதந்திரம் என்று நான் அதுவரை பேசிய எதுவும் வாயில் வரவில்லை.

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு சார்."

"உக்காந்து அடிக்கிறது நீயா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான் கேட்டார். டெஸ்க்டாப் மென்பொருளைப் பற்றி அதற்குப் பிறகு நான் எத்தனையோ படித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு மேல் யாரும் எதுவும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

கூடலூரில் வீட்டைக் கண்டுபிடித்தபோது பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். "முந்தாநாளு காலையிலயே வலி வந்துருச்சுங்க. குமுளி ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனாக. ஆம்பளப் பிள்ளையாம். இன்னைக்கு விட்டுருவாகன்னு சொன்னாக. அங்கன இருந்து நேரா அவுக ஆத்தா வீட்டுக்கு, ஏலத் தோட்டத்துக்குப் போறாகளாம்."

"எந்தத் தோட்டம்?"

"அது மலைக்கு உள்ள. எனக்குத் தெரியாதுங்க."

தோட்டத்துக்குப் போய்விட்டால் பிடிக்க முடியாது. ஜீப்பில் ஏறினோம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்த ஜீப். கொண்டை ஊசி வளைவுகளில் அது ஊர்ந்து ஏறியது. நாங்கள் போவதற்குள் அவர்கள் கிளம்பியிருப்பார்கள் என்றே தோன்றியது. எதிரே இறங்கிவந்த ஒவ்வொரு ஜீப்பிலும் கைக்குழந்தை இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜீப்பில் பாயும் தலையணையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெலிந்த ஒரு பெண் துண்டில் சுற்றிய குழந்தையோடு படியில் நின்றிருந்தார். சார் ஓடிப்போய்ப் பெயரைக் கேட்டார். அவர்தான். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சார் நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னார். நர்ஸ் ஃபைலைப் புரட்டி, பாசிட்டிவ் என்றுதானே இருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். "ரிப்போர்ட்ல பாசிட்டிவ் ஆணல்லோ?"

"அந்த ரிப்போர்ட் தப்பு சிஸ்டர். எங்க லேப்ல இருந்து போனது. திருப்பிப் பாருங்க."

தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் குதிகாலில் குத்தியபோது அது அலறியது. தாய் நெகட்டிவ். பிள்ளை பாசிட்டிவ். பிரசவமாகி இரண்டு நாளும் சில மணி நேரமும் ஆகியிருந்தன. ஊசி ஆஸ்பத்திரியில் இல்லை. கம்பத்தில் கிடைக்கலாம் என்றார் டாக்டர்.

அந்தப் பெண்ணின் கணவர்தான் அந்த ஜீப்பின் டிரைவர். முப்பது வயதிருக்கும். அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், "தப்பு யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

சார் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "அந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுறத எழுதுனது நான். தப்பு என்னோடது."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். மருந்துச் சீட்டை டாக்டரிடமிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. இதையும் மாத்திக் கொடுத்துட்டாகன்னா? நீங்க வாங்க."

சார் தலையசைத்தார். நான் முன் சீட்டில் ஏறினேன். பாயும் தலையணையும் பின்னால் அப்படியே கிடந்தன. அந்த மனிதர் மலையை இறங்கிய வேகம் இன்றைக்கும் என் உடம்பில் இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் கதவில்லாத பக்கம் பள்ளம் வாயைத் திறந்தது. மெதுவாகப் போங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு மருந்துச் சீட்டில் இருந்த பெயரையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

பாதி மலையில் அவர் கேட்டார். "கம்ப்யூட்டரு தப்பு செய்யாதுன்னு சொல்றாக?"

"அது செய்யலைங்க. நான் சொன்னதத்தான் செஞ்சுச்சு."

"எம் பொஞ்சாதிக்கு இதுக்கு முன்னாடி ஒண்ணு கலைஞ்சிருக்கு" என்றார்.

கம்பத்தில் இறங்கிக் கடை கடையாகத் தேடினோம். முதல் கடையில் ஊசி இல்லை. இரண்டாவது கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இத எவன் வாங்கி வைப்பான்? மதுரையில பாருங்க" என்றார். மூன்றாவது கடையில் ஒரு பெண் குளிர்பெட்டியைத் திறந்து துழாவி, ஒரேயொரு பெட்டியை எடுத்து வைத்தார். பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். காலாவதித் தேதியைப் பார்த்தேன். மறுபடியும் பெயரைப் பார்த்தேன். "எத்தன தடவ பாப்பீக? அதேதான்" என்றார் அந்தப் பெண். ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். மலை ஏறும் வரை அதை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐஸ் உருகிப் பாவாடையெல்லாம் நனைந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஊசி போட்டார்கள். அந்தப் பெண் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று நினைவில்லை.

"இப்ப சரியாயிருச்சுல்ல அக்கா?" என்று கேட்டார்.

நான் டாக்டரைப் பார்த்தேன். "சரியாகணும். அடுத்தது உண்டாகும்போதுதான் உறுதியாத் தெரியும்" என்றார் அவர்.

அதாவது, தெரியாது. அந்தப் பயத்தோடு இறங்கி வந்தேன்.

திங்கட்கிழமை லேபுக்குப் போனபோது சார் இனி வரவேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர், "ஒரு வாரம் அக்கா பக்கத்துல உக்காந்து பாரு. எதையும் தொடாத" என்றார். உட்கார்ந்தேன். அக்கா எத்தனை தடவை திரையைப் பார்க்கிறார், எப்போது எழுந்திருக்கிறார், எந்தக் கையில் பேனா என்று பார்த்தேன். ஏழு வருடமாக அவருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவள், அன்றுதான் அவர் இடதுகைப் பழக்கமுள்ளவர் என்று கவனித்தேன்.

பிறகு மொத்தத்தையும் மாற்றி எழுதினேன். திரை முழுக்க ஒரே நோயாளி. சேமித்துவிட்டால் பூட்டிக்கொள்ளும், மாற்ற வேண்டுமென்றால் காரணம் கேட்கும், யார் எப்போது மாற்றியது என்று எழுதிவைக்கும். ரத்த வகையை எண்ணால் அல்ல, எழுத்தாக முழுதாக அடிக்க வேண்டும், இரண்டு தடவை. "இது பழசு மாதிரியே இருக்கே" என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் செட்டிங்கைப் பற்றி ஓர் இணையக் குழுவுக்கு எழுதினேன். இப்படி ஒரு வேலையிடத்தில் இது ஆபத்து, எச்சரிக்கை ஒன்றாவது காட்டுங்கள் என்று. யாரோ ஒருவர், பயன்படுத்துபவருக்குப் பயிற்சி கொடுங்கள், பழகிவிடும் என்று பதில் எழுதியிருந்தார். கோபம் வந்து நீண்ட பதில் ஒன்று எழுத ஆரம்பித்தேன். பாதியில் அழித்துவிட்டேன். அக்காவிடம் போனில் நான் சொன்னதும் அதேதான்.

இப்போதும் என் வீட்டு மெஷினில் லினக்ஸ்தான். டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் எதையாவது இடம் மாற்றிவிடுகிறார்கள். மெனு இருந்த இடத்தில் இருக்காது, பழகிய பட்டன் காணாமல் போய்விடும். என் வீட்டில் அது எனக்கு ஒரு விளையாட்டு. அடுத்தவர் மேசையில் அது விளையாட்டு இல்லை. பிறகு சுற்று வட்டாரத்தில் ஐந்தாறு லேபுகளுக்கு எழுதிக் கொடுத்தேன். எங்கேயும் என் செட்டிங் எதையும் வைத்ததில்லை. எங்கேயும் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்காராமல் எழுந்து வந்ததும் இல்லை. "இந்தம்மா என்ன சும்மாவே உக்காந்திருக்கு" என்பார்கள். போன் வந்தால் மட்டும் பல வருடம் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுத்தேன்.

மூன்று வருடம் கழித்து, நான் லேபில் இருந்த ஒரு நாளில், அந்த ஜீப் டிரைவர் உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். மனைவிக்கு ஐந்தாம் மாதம். குமுளி டாக்டர் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். தாயின் ரத்தத்தில் அந்த ஆயுதம் உண்டாகியிருக்கிறதா என்கிற சோதனை.

"இங்கனேயே வந்தீகளே" என்றார் சார், நம்ப முடியாமல்.

"நீங்கதான தேடி வந்தீக" என்றார் அவர்.

அக்கா ரத்தம் எடுத்தார். முடிவு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் வெளியே போகவில்லை. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் என் செருப்பின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

உள்ளேயிருந்து சார் வந்தார். அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று, அடுத்த ஊசி எந்த மாதம் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "எதிர்ப்பு எதுவும் உண்டாகலம்மா. ரத்தம் சுத்தமா இருக்கு" என்றார்.

அவர்கள் போன பிறகு அக்கா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். பிறகு பிரிண்டருக்குப் பேப்பர் போட எழுந்தேன்.